பஞ்சுருட்டானைப் படம் எடுக்கப் போறீங்களா? அது குடியிருக்கும் புல்வெளியையும் கொஞ்சம் பாருங்க

மார்ச் மாதம் ஆனால் போதும், சிங்கப்பூர்ப் பறவைப் படங்களைப் பின்தொடர்பவர்களின் இன்ஸ்டகிராமில் ஒரே முகம் திரும்பத் திரும்ப வரும். செம்பழுப்புத் தலை, நீலத் தொண்டை, பச்சை இறக்கை, வால் நடுவிலிருந்து நீளும் இரண்டு மெல்லிய இறகுகள். அலகில் ஒரு தேனீயோ தட்டானோ இருக்கும்.

அதுதான் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான். ஆண்டிறுதி மாதங்களில் இங்கே நாம் பார்ப்பது அதன் உறவுக்காரரான நீலவால் பஞ்சுருட்டான். அது வடக்கே கிளம்பும் நேரத்தில் நீலத்தொண்டை வந்து இறங்கும். ஒரே வாடகை வீட்டில் குடும்பம் மாறி மாறிக் குடிவருவது மாதிரி. நீலவாலைத் தமிழ்நாட்டிலும் பார்க்கலாம். அதனால்தான் நம்மிடம் இவ்வளவு அழகான பெயர் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை இல்லை. சிக்கல் அது முட்டையிடும் நிலத்தில்.

மரத்தில் இல்லை, தரையில்

பெரும்பாலானோருக்குத் தெரியாத விஷயம் இது: பஞ்சுருட்டான் மரத்தில் கூடு கட்டாது. மணற்பாங்கான தரையில் வளை தோண்டி, அதன் கடைசியில் முட்டையிடும். செங்குத்தான மண் மேடுகூடத் தேவையில்லை. புல் குட்டையாக, அங்கங்கே மண் தெரிகிற சமதரையே போதும். மேலிருந்து பார்த்தால் ஏதோ எலி தோண்டிய ஓட்டை மாதிரிதான் தெரியும். நாம் அதைத் தாண்டி நடந்துபோய்விடுவோம். சில சமயம் அதன் மேலேயே!

அதாவது நாம் "சும்மா கிடக்கிற காலி நிலம்" என்று நினைப்பதுதான் அதற்கு வீடு. அங்கே வீவக புளோக் வந்தாலும் வீடு போச்சு. நல்ல எண்ணத்தோடு நெருக்கமாக மரம் நட்டுப் பசுமையாக்கினாலும் வீடு போச்சு. பசுமை என்றாலே மரம் என்று பழகிவிட்ட நமக்கு இந்த இரண்டாவது விஷயம் கொஞ்சம் உறைக்க வேண்டும்.

கேமராவோடு போனால்?

படம் எடுக்க இது ரொம்ப ஒத்துழைக்கிற பறவை. ஒரு கிளையிலோ கம்பியிலோ உட்கார்ந்திருக்கும், பாய்ந்து பூச்சியைப் பிடிக்கும், பல நேரம் அதே இடத்துக்கே திரும்பி வரும். தேனீ என்றால் கிளையில் அடித்து, தேய்த்து, விஷத்தை வெளியேற்றிவிட்டுத்தான் விழுங்கும். துரத்த வேண்டாம். 400 மில்லிமீட்டர் லென்ஸ், நொடியில் 2,000ல் ஒரு பங்கு ஷட்டர் வேகம், பொறுமை. அவ்வளவுதான்.

இரை போட்டு வரவழைப்பது இங்கே வேலைக்கு ஆகாது. பறக்கும் பூச்சியைத்தான் அது விரும்பும். மற்ற பறவைகளிடம் அந்தக் குறுக்குவழி நடந்திருக்கிறது. கழுகுப் படத்துக்காக மீனுக்குள் ஸ்டைரோஃபோம் திணித்து மிதக்கவிட்ட ஒருவருக்கு 2016ல் 500 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வனவிலங்குக்கு உணவு போடுவதே குற்றம். முதல் தடவை 5,000 வெள்ளி வரை, மறுபடியும் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம்.

பஞ்சுருட்டான் விஷயத்தில் தப்பு வேறு மாதிரி நடக்கும். நானே செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, வளைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். பறவை அலகில் தட்டானோடு எதிரே உட்கார்ந்தே இருந்தது. ஆகா, நமக்காகவே போஸ் கொடுக்குதே என்று நினைத்து எடுத்துத் தள்ளினேன். அது போஸ் இல்லை. நான் நகர்ந்தால்தான் உள்ளே போகலாம் என்று காத்துக்கொண்டிருந்தது.

அந்த அரை மணி நேரம் ஏன் முக்கியம்? நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. மூத்த குஞ்சு பெரிதாக இருக்கும், கடைக்குட்டி சின்னதாக இருக்கும். குஞ்சுகளின் அலகு நுனியில் கொக்கி மாதிரி ஒரு கூர்மை உண்டு. உணவுப் போட்டியில் மூத்தது அதை வைத்து இளையதைத் தாக்கும், கொன்றும்விடும். மலேசியாவில் இந்தப் பறவைகளை ஆராய்ந்தவர்கள் இதை 1990லேயே பதிவு செய்திருக்கிறார்கள். உணவு குறையும்போது முதலில் அடிபடுவது கடைசிக் குஞ்சு. நாம் வாசலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உணவு வெளியே காத்திருக்கிறது.

அலகில் இரையோடு பறவை உள்ளே போகாமல் உட்கார்ந்திருந்தால், நீங்கள் ரொம்பக் கிட்டே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். பின்னால் நகருங்கள். அது உள்ளே போய் வந்த பிறகு எடுங்கள்.

புல்வெளிக்காக யார் பேசுவது?

இனிப் பெரிய கேள்வி. சிங்கப்பூரில் சட்டப்படி நான்கு இயற்கைவனக் காப்பகங்கள் இருக்கின்றன: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லேப்ரடார். மழைக்காடு, சதுப்புநிலம், கடலோரக் காடு. புல்வெளி என்று ஒன்றுகூட இல்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. நம் தீவு இயல்பாகவே காடு. இங்கே உள்ள புல்வெளிகள் பெரும்பாலும் மனிதன் உண்டாக்கியவை: கைவிட்ட பண்ணை, மண் கொட்டிக் கடலை மேடாக்கிய இடம், அடுத்த திட்டத்துக்காகக் காத்திருக்கும் அரசு நிலம். "நாம் உண்டாக்கியதை நாமே எடுத்தால் என்ன?" என்று யாராவது கேட்டால், அதை முட்டாள்தனமான கேள்வி என்று தள்ளிவிட முடியாது. வீடு கேட்டு வரிசையில் நிற்பவர்களில் நீங்களும் இருக்கலாம், உங்கள் அக்காவும் இருக்கலாம்.

தெங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 700 ஹெக்டரில் 42,000 வீடுகள். முன்பு அங்கே கம்பங்கள் இருந்தன, பிறகு ராணுவப் பயிற்சி நடந்தது. இடைப்பட்ட காலத்தில் காடும் புதரும் புல்லும் மண்டின. திட்டத்தில் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு, 100 மீட்டர் அகலத்தில் வனப்பாதை ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. மரத்துக்கு மரம் தாவும் உயிரினங்களுக்கு அது உதவும். திறந்த வெளி தேவைப்படும் பறவைக்கு? அவ்வளவாக உதவாது என்பது என் கணிப்பு.

2021ல் கிராஞ்சியில், பல்லுயிர் ஆய்வு முடியும் முன்பே சுமார் 4.5 ஹெக்டர் பசுமைப் பகுதி தவறுதலாக அழிக்கப்பட்டபோது பெரிய சர்ச்சை எழுந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் மரங்கள் இல்லாதது யாருக்கும் தெரியும். புல் போனால் அப்படித் தெரியாது.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கிராஞ்சி சதுப்புநிலம் 56.8 ஹெக்டர், 2016ல் திறக்கப்பட்டது. அங்கே தேசியப் பூங்காக் கழகம் திறந்த வெளியைத் திறந்த வெளியாகவே பராமரிக்கிறது. முக்கியப் பகுதிக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். கோனி தீவுப் பூங்காவிலும் புல்வெளி விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. அது நம் தூக்கணாங்குருவிக்கும் பிடித்த மாதிரி இடம். புதிய நகர்ப் பூங்காக்களில் ஒரு மூலையையாவது மரம் நடாமல், இனப்பெருக்கக் காலத்தில் வேலி போட்டு விட்டுவைத்தால் பெரிய செலவு ஆகாது.

அந்த மூலை எது என்று முடிவு செய்ய ஆதாரம் வேண்டும். இங்கேதான் உங்கள் படம் வேலை செய்யும். தேதி, இடம், எண்ணிக்கையோடு இபேர்டிலோ ஐநேச்சுரலிஸ்டிலோ பதிவேற்றினால் அது தரவு. இன்ஸ்டகிராமில் கூட்டின் இடத்தைப் போட்டால் அது கூட்டம். ஐநேச்சுரலிஸ்டில் துல்லியமான இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். குஞ்சுகள் பறந்துபோகும்வரை படத்தை மட்டும் பகிருங்க. "எங்க ப்ரோ இது?" என்று யாராவது கேட்டால், வளை இருக்கும் இடத்தை மட்டும் சொல்லாதீங்க.