தோட்டப்புறச் சிறுவரின் வாக்குமூலமும் நன்னடத்தை அறிக்கையும் தமிழில் அமைய வேண்டிக் கோரிக்கை மனு

பெறுநர்: நுவரெலியா மாவட்டத்தில் சிறுவர் வழக்குகளைக் கையாளும் பொலிஸ், நன்னடத்தை, நீதி நிர்வாகத்துறை அதிகாரிகள்
அனுப்புநர்: செயலாளர், தோட்டப் பெற்றோர் சங்கம், ஹட்டன்



ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பகுதித் தோட்டங்களின் பெற்றோரை அங்கத்தவராகக் கொண்டது எமது சங்கம்.

இவ்விடயமாக முன்னர் அனுப்பிய கடிதங்களுக்கு, கிடைக்கப்பெற்றதாகவும் உரிய நடவடிக்கை எடுக்கப்படுமெனவும் பதில் வந்தது, நடவடிக்கை வரவில்லை. முதற் கடிதத்தில் சிறுவரை விசாரிக்கும்போது தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டோம். அடுத்ததில், அவர் இல்லாவிடின் தமிழறிந்த உத்தியோகத்தரை அயல் நிலையத்திலிருந்து அழைக்கும் ஒழுங்கைக் கேட்டோம். அதன்பின், மொழிபெயர்த்தவர் யார் என்ற ஒரு வரியையாவது ஏட்டில் பதியுங்கள் என்றோம். கேட்பதை நாங்கள் குறைத்துக்கொண்டே வந்தும் எதுவும் நடவாததால், இம்முறை முழுவதையும் கேட்கிறோம்.

1. சிறுவர் எவரும் தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிடச் செய்யப்படலாகாது. அவரைப் பற்றிய நன்னடத்தை அறிக்கையின் தமிழ்ப் பிரதி பெற்றோருக்குத் தரப்படவேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு, பொலிஸார் பதியும் வாக்குமூலத்தை அதைக் கொடுத்தவருக்குக் காட்டவோ வாசிக்கவோ வேண்டும் என்கிறது. பதியப்பட்ட மொழி அவருக்கு விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும். விளக்கவும் சேர்க்கவும் அவருக்கு இடமளிக்கவேண்டும். பெரியவருக்கும் உரிய இந்தக் காப்பு, தோட்டத்துப் பையன் மேசையருகே நிற்கும்போது வெறும் சடங்காகிவிடுகிறது. எழுதி முடித்த பக்கம் அவன் பக்கம் திருப்பப்படுகிறது. வேறு அலுவலாக வந்தவரோ வாசலில் நிற்கும் ஓட்டோக்காரரோ இரண்டு வசனத்தில் சாரத்தைச் சொல்கிறார். பையன் பெயரை எழுதுகிறான். பெயர்த்தவர் யார், எவ்வளவு பெயர்த்தார் என்பதற்கு ஏட்டில் தடயமில்லை. தடயமில்லாத காப்பு மீறப்பட்டதை எவரும் நிரூபிக்க முடியாது. அதனாலேயே அது மீறப்படுகிறது.

பொலிஸாரிடம் செய்த குற்ற ஒப்புதலைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஏற்காதபோது பாதகம் என்ன என்று கேட்கப்படலாம். ஒப்புதல் அல்லாத கூற்றுகளை அப்பிரிவு தடுப்பதில்லை. பிற்பாடு நீதிமன்றில் சொல்வதற்கு முரணாக அதே ஏட்டைக் காட்டலாம். பிணையா விளக்கமறியலா, வீடா சான்றுபெற்ற பாடசாலையா என்பதில் நீதவானின் மனதுக்கு முதலில் எட்டுவதும் பொலிஸ் தரப்பு விபரமும் நன்னடத்தை அறிக்கையுமே. மேலும், 2018ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் குற்றப்பொறுப்புக்கான வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தி, 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளை தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி பெற்றிருந்ததா என்று பார்க்கச் சொல்கிறது. தன் மொழியில் பேசவிடாத பிள்ளையின் முதிர்ச்சியை எதைக்கொண்டு அளப்பது?

நீதிமன்றில் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரே என்பது இரண்டாவது ஆட்சேபம். அரசியலமைப்பின் 24(3)ஆம் உறுப்புரை அந்த உரிமையை அரச செலவில் தருகிறது, மெய்தான். ஆனால் வழக்கு உருவாகும் இடம் நீதிமன்றமல்ல. அங்கே வரும்போது அது உருவாகி முடிந்திருக்கும். நுவரெலியா மாவட்டத்தில் அன்றிருந்த பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டின் அதிவிசேட வர்த்தமானியாலேயே இருமொழிப் பிரிவுகளாக்கப்பட்டவை. ஆகவே பொலிஸ் நிலையத்திலும் நன்னடத்தை அலுவலகத்திலும் நாங்கள் கேட்பது சலுகையல்ல.

ஆளணி இல்லை என்பது மூன்றாவது. மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். தமிழறிந்தோர் இங்கே அரிதல்லர்; அழைக்கும் பட்டியலும் கொடுப்பனவும்தான் இல்லை. பையன் சிங்களம் பேசுகிறானே என்பது நான்காவது. கொழும்புக் கடையில் சாமான் எடுத்துக்கொடுக்கக் கற்ற சிங்களம் வேறு. எந்நேரம், யாருடன், என்ன நோக்கத்தில் என்ற கேள்விகளுக்குப் பதிலளிக்கும் சிங்களம் வேறு. ஐயமிருப்பின் அது பிள்ளைக்குச் சாதகமாகவே தீர்க்கப்படவேண்டும். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எல்லா விடயங்களிலும் அவர்களின் சிறந்த நலனே மேலானது என்று 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 5ஆம் பிரிவு விதித்திருக்கிறது.

2. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்தின்படி, தடுப்பிலும் வாகனத்திலும் சிறுவர் பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்கப்படவேண்டும்.

3. வழக்குத் தவணைக்கு வரும் பெற்றோருக்கு அன்றைய பேர் (நாட்சம்பளம்) வெட்டப்படாதிருக்கத் தோட்ட நிர்வாகங்களுக்கு அறிவுறுத்தல் வழங்கப்படவேண்டும்.

4. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையின் வயது, பெரியவராகக் கருதப்படுமுன் உறுதிப்படுத்தப்படவேண்டும்.

5. சட்ட உதவி பெறும் வழி பொலிஸ் நிலையங்களில் தமிழில் காட்சிப்படுத்தப்படவேண்டும்.

இம்மனுவுக்கு ஒரு மாதத்துள் தமிழில், இலக்கவாரியாகப் பதில் எதிர்பார்க்கிறோம். வராவிடின், சிறுவர் வாக்குமூலங்களில் எத்தனை எந்த மொழியில் பதியப்பட்டன, எத்தனைக்கு மொழிபெயர்ப்பாளரின் பெயர் உண்டு என்ற விபரத்தை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு அலுவலகத்திடமும் தனித்தனியே கோருவோம்.

இங்ஙனம்,
செயலாளர்