மிலிட்டரிக்காரர் பிள்ளைக்கென்ன, எல்லாம் ஃப்ரீ!

சேலையூர் கேம்ப் ரோட்டில் எந்த டீக்கடையிலும் இதைக் கேட்கலாம்: "அவங்களுக்கென்ன சார், மிலிட்டரிக்காரங்க. எல்.கே.ஜி.யிலேர்ந்து காலேஜ் வரைக்கும் புள்ளைங்க படிப்பு ஃப்ரீ. எல்லாம் நம்ம வரிப்பணம்." பொறாமையில் சொல்வதாகவும் தெரியாது. மழை பெய்தால் முடிச்சூரில் தண்ணீர் நிற்கும் என்பதைச் சொல்கிற அதே நிச்சயத்தோடு சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவரும் தலையாட்டுவார்.

தெரியாத ஊர்க்காரர்கள் சொன்னால் விட்டுவிடலாம். தாம்பரத்தில் சொல்கிறார்கள் என்பதுதான் வியப்பு. விமானப்படை நிலையம் இங்கே, விமானப் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் இங்கே, பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம், பல்லாவரத்தில் கன்டோன்மென்ட். கேன்டீன் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம் என்று சேவை முடித்தவர்கள் ராஜகீழ்ப்பாக்கத்திலும் செம்பாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் மனை வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். இத்தனை பேரை அக்கம்பக்கத்தில் வைத்துக்கொண்டும், "உங்க பிள்ளைக்கு யாருங்க ஃபீஸ் கட்டுறாங்க?" என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முழுச் செலவையும் அரசு ஏற்கிற திட்டம் ஒன்று உண்டு, மறைக்க வேண்டாம். 1971 போருக்குப் பிறகு, 1972-ல் வந்தது. போர் நடவடிக்கையில் உயிரிழந்த, காணாமல்போன, நிரந்தரமாக ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் திருப்பித் தருகிற திட்டம். அதாவது 'எல்லாம் ஃப்ரீ' என்ற வரிசையில் நிற்க வேண்டுமானால், அப்பா திரும்பி வந்திருக்கக் கூடாது, அல்லது முழு உடம்போடு வந்திருக்கக் கூடாது. அந்தச் சில ஆயிரம் பிள்ளைகளுக்கும் 2017 ஜூலையில் ஏழாவது ஊதியக் குழுவின் பெயரைச் சொல்லி மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு போட்டார்கள். கண்டனம் கிளம்பி, 2018 மார்ச்சில்தான் அது விலக்கப்பட்டது. அந்த எட்டு மாதமும் 'எல்லாம் ஃப்ரீ' என்ற பேச்சு மட்டும் எந்த உச்சவரம்பும் இல்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இனி, உயிரோடு பணியில் இருப்பவருக்கு வருவோம். அவருக்குக் கிடைப்பது குழந்தைகள் கல்விப் படி. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாய் என்று இருந்தது. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் 2024 ஜனவரியிலிருந்து 2,812 ரூபாய் 50 காசு. இரண்டு பிள்ளைகளுக்கு, பிளஸ் டூ வரை. கல்லூரிக்குக் கிடையாது. மாதாமாதம் கையில் வருவதும் இல்லை. கல்வியாண்டு முடிந்து, பள்ளியில் சான்று வாங்கிக் கொடுத்தால் மொத்தமாக வரும். கேந்திரிய வித்யாலயாவில் இடம் கிடைத்தவருக்கு இது தாராளம், ஒப்புக்கொள்கிறேன். இடம் கிடைக்காமல் வேளச்சேரி சாலைத் தனியார் பள்ளிக்குப் போனவரைக் கேட்டால் கதை வேறு.

கவனிக்க வேண்டியது, இது ராணுவச் சலுகையே இல்லை என்பது. மத்திய அரசு ஊழியர் எல்லோருக்கும் இதே படிதான், இதே தொகைதான். தாம்பரம் மின்ரயில் பணிமனையில் வேலை செய்பவருக்கும், தபால் நிலைய எழுத்தருக்கும், வருமான வரி அலுவலக உதவியாளருக்கும் உண்டு. அவர்களைப் பார்த்து யாரும் 'ஃப்ரீ' என்று சொல்வதில்லை.

ரயில்வேக்காரரையும் விமானப்படைக்காரரையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவரும் 19 வயதில் வேலைக்குச் சேர்கிறார்கள். இருவருக்கும் 28 வயதில் முதல் பிள்ளை. ரயில்வேக்காரர் ஓய்வுபெறுவது 60-ல். அவர் பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போது அவருக்கு 46 வயதுகூட நிறைந்திருக்காது; படியின் கடைசி ரூபாய் வரை வாங்கிவிடுவார். 2022-க்கு முன் சேர்ந்த விமானப்படை வீரரின் முதல் ஒப்பந்தம் 20 ஆண்டு. நீட்டிப்பு இல்லையென்றால் 39-ல் வீட்டுக்கு வந்துவிடுவார். அப்போது அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பு. அந்தக் கல்வியாண்டோடு படி நின்றுவிடும். தரைப்படைச் சிப்பாய்க்கு இன்னும் மோசம்: 15 ஆண்டில் பென்ஷன் தகுதி வந்துவிடும், முப்பதுகளின் நடுவில் வெளியே வந்து நிற்கிறவர்கள் ஏராளம். புத்தகம், டியூஷன், வேன் கட்டணம், பிளஸ் ஒன் சேர்க்கை என்று செலவு ஏறத் தொடங்குகிற வருடத்தில் அரசாங்கம் கையை எடுத்துக்கொள்கிறது. ஒரே படி, ரயில்வேக்காரர் முழுசாக வாங்குகிறார், படைவீரர் பாதியில் இழக்கிறார். ஊர் பொறாமைப்படுவதோ இரண்டாமவரைப் பார்த்து.

"அதான் ரிட்டயர் ஆனதும் ஸ்காலர்ஷிப் குடுக்குறாங்களே?" கொடுக்கிறார்கள். யார், எந்தப் பணத்தில் என்று பார்ப்போம்.

பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நலநிதியிலிருந்து, ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, இரண்டு பிள்ளைகள் வரை ஒரு கல்வி உதவி உண்டு. பல ஆண்டுகளாக மாதம் 1,000 ரூபாய் என்று இருந்தது. 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு 2,000. விண்ணப்பிக்கிற வருடத்துக்குப் பிள்ளை தேறியிருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலோடு கேட்க வேண்டும். பள்ளி ஃபீஸ் கேட்பது ஏப்ரலிலும் ஜூனிலும். பணம் வருவது எல்லாம் முடிந்த பிறகு. அதுவும் ஹவில்தார் வரையிலான பதவிக்காரர்களுக்குத்தான். விமானப்படைக் கணக்கில் சார்ஜென்ட் வரை. இருபது வருடம் உழைத்து ஜூனியர் வாரன்ட் ஆபீசராக ஒரு படி ஏறிவிட்டால் இந்தக் கதவு சாத்திக்கொள்ளும். பதவி உயர்வைக் கொண்டாடிக் கேக் வெட்டிய வீட்டில் இதை யாரும் அன்றைக்கு யோசிப்பதில்லை.

இந்த நலநிதிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? படைவீரர் கொடிநாள் நிதியிலிருந்து. 1949 முதல் ஒவ்வொரு டிசம்பர் 7-ம் தேதியும் சட்டையில் குத்திவிடுகிறார்களே, அந்தச் சின்னக் கொடிக்குப் போட்ட காசு. நம் மாநிலத்தில் மாவட்டத்துக்கு இலக்கு வைத்து, அலுவலகம் அலுவலகமாக வசூலிக்கிறார்கள். பிரதமர் பெயரிலான உதவித்தொகை 2006-07-ல் தொடங்கியது. அதற்குப் பணம் தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து. 1962-ல் சீனப் போரின்போது தொடங்கியது, பெண்கள் கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்த அதே நிதி. இரண்டுமே நன்கொடைப் பணம். 'நம்ம வரிப்பணம்' என்று டீக்கிளாஸை வைத்துவிட்டுச் சொல்கிறவர் இந்த இடத்தில் முழுத் தவறு செய்கிறார். பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டியதை உண்டியலில் விட்டிருக்கிறார்கள் என்று கோபப்பட்டால் நியாயம்.

பிரதமர் உதவித்தொகையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், பெரிதாகப் பேசப்படுவது அதுதான் என்பதால். பொறியியல், மருத்துவம் மாதிரித் தொழிற்படிப்புகளுக்கு மட்டும். பையனுக்கு மாதம் 2,500, பெண்ணுக்கு 3,000. நுழைவுத் தகுதிக்கான படிப்பில் 60 சதவீதம் இருக்க வேண்டும். அடுத்தடுத்த வருடமும் வாங்க 50 சதவீதம் எடுக்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஆண்டுக்குப் புதிதாக 5,500 பேர். படைகளிலிருந்து ஆண்டுதோறும் வெளியே வருகிறவர்கள் சுமார் 60,000. அந்த 5,500-லும் வரிசை இருக்கிறது: போரில் இறந்தவர்களின் பிள்ளைகள் முன்னே, ஊனமுற்றவர்கள், பணியில் இறந்தவர்கள், வீரப்பதக்கம் வாங்கியவர்கள் என்று போய், ஒழுங்காக வேலை பார்த்துவிட்டு வந்த சாதாரணச் சிப்பாயின் பிள்ளை கடைசியில். அந்த வரிசை சரிதான். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கடைசியில் நிற்பவரைப் பார்த்து 'உனக்கென்ன' என்று கேட்கக் கூடாது.

சரி, கிடைத்தே விட்டது என்று வையுங்கள். வருடத்துக்கு 30,000 அல்லது 36,000. தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே 2017-ல் கட்டணக் குழு நிர்ணயித்தது 50,000. தர அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கு 55,000. பஸ் கட்டணம், விடுதி, தேர்வுக் கட்டணம் தனி. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கல்லூரி; பிள்ளையை அதில் ஒன்றில் சேர்த்தவருக்கு இந்தக் கழித்தல் கணக்கு மனப்பாடம்.

இட ஒதுக்கீட்டையும் இலவசத்தையும் போட்டுக் குழப்புவது இன்னொரு வழக்கம். பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடம். மொத்த இடங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இடம் கிடைக்கும்; ஃபீஸில் ஒரு ரூபாய் குறையாது. கேந்திரிய வித்யாலயாவிலும் முன்னாள் படைவீரர் பிள்ளைகள் முதல் பிரிவில் வருகிறார்கள், உண்மை. அந்தப் பிரிவில் மத்திய அரசு ஊழியர்கள் எல்லோரும் கூடவே நிற்கிறார்கள். சேர்ந்த பிறகு விமானப்படை வளாகத்துக்குள்ளேயே இருக்கிற பள்ளியிலும் மாதம் 500 ரூபாய் வளர்ச்சி நிதியும், ஒன்பதாம் வகுப்பு முதல் பையன்களுக்குக் கல்விக் கட்டணமும் உண்டு. குறைந்த தொகைதான், குமாஸ்தா பிள்ளைக்கும் அதே தொகைதான். சைனிக் பள்ளியா? அமராவதிநகரிலும் கட்டணம் உண்டு. கேன்டீனில் சோப்பும் காசுக்குத்தான்.

"பென்ஷன் வருதே, செகண்ட் ஜாப் பார்க்குறாரே" என்பார்கள். பென்ஷன் என்பது கடைசிச் சம்பளத்தில் பாதி, அதுவும் 37 வயதுச் சம்பளத்தில் பாதி. செகண்ட் ஜாப் என்று ஊர் சொல்வதில் பெரும்பகுதி செக்யூரிட்டி வேலை. அதற்கென்றே 1986-ல் டெக்ஸ்கோ என்று ஒரு கழகம் தொடங்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் போய், பிள்ளைக்குப் படிப்பு ஃப்ரீயாமே என்று கேட்பதற்குத் தைரியம் வேண்டும்.

வெளியார் நம்புவதைவிட, அந்த வீடுகளே இதை நம்புவதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். "எக்ஸ் சர்வீஸ்மேன் பிள்ளைதானே, தானா வந்துரும்" என்று மனைவி நினைக்கிறார். "ஆபீஸ்ல சொல்லுவாங்க" என்று கணவர் நினைக்கிறார். எதுவும் தானாக வராது. பிரதமர் உதவித்தொகைக்கு முதலாண்டில் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். அந்த வருடத்தைத் தவறவிட்டால் நான்கு வருடமும் போனது. மகள் பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றில் இன்னொரு மாதிரி. திருத்த வேண்டுமானால் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி, பதில் வர மாதக்கணக்கு. கணவர் இறந்துவிட்ட வீட்டில் இதையெல்லாம் யார் ஓடியாடிச் செய்வது? பதவி, மதிப்பெண், கெடு என்று ஒவ்வொரு படியிலும் ஆள் உதிர்கிறார்கள். ஊரார் எல்லோரையும் மொத்தமாகச் சேர்த்து எண்ணுகிறார்கள்.

சிலர் அமெரிக்க வீடியோவைக் காட்டுகிறார்கள். அங்கே படைவீரர்களுக்கென்று 1944-ல் சட்டம் போட்டார்கள்; 1956-க்குள் சுமார் 78 லட்சம் பேர் அதில் படித்தார்கள், பயிற்சி பெற்றார்கள். இன்றைய சட்டத்தில் கல்லூரிக் கட்டணம், வீட்டு வாடகைப் படி, புத்தகப் பணம், 36 மாதம் வரை. நீண்ட சேவைக்கு ஒப்புக்கொண்டவர் அதைப் பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கலாம். அது உரிமை, இல்லையென்று சொன்னால் கேள்வி கேட்கலாம். இங்கே நம்மிடம் இருப்பது நிதி, இருந்தால் தருவார்கள். அங்கே நடப்பதைப் பார்த்துவிட்டு ராஜகீழ்ப்பாக்கத்துக்காரரை அளப்பது என்ன கணக்கு?

சேவை விதிமுறையால் 40 வயதுக்கு முன்பே வெளியே அனுப்பப்படுகிறவருக்கு, பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்வரை அந்தக் கல்விப் படியைத் தொடர்ந்து கொடுத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ரயில்வேக்காரருக்குக் கொடுப்பதைத்தான் கேட்கிறோம், கூடுதலாக ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் ஏற்கெனவே ஃப்ரீ என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கும்போது எந்த எம்.பி. எழுந்து இதைக் கேட்பார்?

இதற்கிடையில் அக்னிவீர் வந்துவிட்டது. 2022 கடைசியில் சேர்ந்தவர்களின் நான்காண்டு 2026 கடைசியில் முடிகிறது. நூற்றுக்கு 25 பேர் வரை உள்ளே நிற்பார்கள். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீடு திரும்புவார்கள். பென்ஷன் இல்லை. 2022-ல் வெளியான சேர்க்கை விதிமுறைகளின்படி முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. அந்தத் தகுதி இல்லையென்றால் நலநிதிக்கு மனுப் போடவே வழி கிடையாது. அதிகாலையில் மைதானங்களில் ஓடுகிற பையன்களின் பெற்றோரிடம், "சேர்ந்துட்டா நாளைக்கு உன் பேரப்புள்ளைங்க படிப்புகூட ஃப்ரீ" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்பவரை நிறுத்தி, எந்த விதியில், எத்தனையாவது பக்கத்தில் அப்படி இருக்கிறது என்று அந்த அப்பாக்கள் கேட்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.