யந்திரக் கை யாருக்கு?

இரும்பை உருக்கி இரும்போடு இணைக்கும் வெல்டிங் வேலையில், மனிதன் கைக்குப் பதிலாக யந்திரக் கை புகுந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ரோபோட் என்று வழங்கும் இந்த யந்திரம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து மோட்டார் தொழிற்சாலைகளில் இன்று சாதாரணக் காட்சி. பெரிய ஆலைகளோடு நின்றிருந்த அது, இப்போது சிறிய பட்டறைகளின் வாசலிலும் வந்து நிற்கிறது. இதை வரவேற்பதா, எதிர்ப்பதா என்ற கேள்வி தொழிலாளரிடையே எழுவது இயல்பே. நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். யந்திரம் வரட்டும், ஆனால் எந்த நிபந்தனைகளின் பேரில் வருகிறது என்பதைத் தொழிலாளியைக் கேளாமல் தீர்மானிக்கக்கூடாது.

வெல்டிங் வேலையின் கஷ்டத்தை அறியாதவர்களே அதிலிருந்து மனிதனை விடுவிக்கக்கூடாதென்று வாதிப்பார்கள். கண்ணைப் பறிக்கும் சுடர், தோலைச் சுடும் பொறி, நாள் முழுவதும் குனிந்த முதுகு, இவற்றோடு நெஞ்சில் இறங்கும் புகை. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 2017-ஆம் வருஷத்தில் வெல்டிங் புகையைப் பரிசீலித்து, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குமென்று நிச்சயமாகத் தெரிந்தவற்றின் வரிசையில் சேர்த்தது. வெல்டிங் சுடரிலிருந்து வீசும் புற ஊதாக் கதிர்களுக்கும் அதே வரிசையில் இடம் கிடைத்தது. இந்த அபாயத்திலிருந்து மனிதனை எட்ட நிறுத்தக்கூடிய ஒரு சாதனத்தை, அது யந்திரம் என்ற ஒரே காரணத்துக்காக வெறுப்பது விவேகமாகாது.

ஆனால் யந்திரம் வந்தவுடனே தொழிலாளிக்கு விமோசனம் வந்துவிடுமென்று நம்புவதும் பேதைமையே. அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1961-ல் நியூ ஜெர்ஸி மாகாணத்திலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்றில், வார்ப்படங்களை எடுத்து வைக்கும் வேலையில் முதல் ரோபோட் அமர்த்தப்பட்டது. 1969-ல் அதே கம்பெனி ஓஹையோ மாகாணத்து லார்ட்ஸ்டவுன் ஆலையைப் புதுப்பித்து, கார் உடல்களை வெல்டிங் செய்ய ரோபோட்டுகளை நிறுத்தியது. மணிக்கு நூறு கார்களுக்கு மேல் ஓட்டும் வேகத்துக்கு அந்த ஆலை அமைக்கப்பட்டது. அக்காலத்து மற்ற ஆலைகளின் வேகத்தில் இது சுமார் இரண்டு பங்கு. ரோபோட்டுக்குக் களைப்பில்லை, ஆனால் அதன் முன்னும் பின்னும் வரிசையில் நின்றவர்கள் மனிதர்கள். ஆட்களைக் குறைத்து, போனவர்களின் வேலையை இருப்பவர்கள் தலையில் ஏற்றினார்கள் என்பதே தொழிலாளரின் முறையீடு. 1972 மார்ச் மாதத்தில் அவர்கள் 22 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் பகைத்தது ரோபோட்டையல்ல. அதன் வேகத்துக்குத் தங்கள் உடலையும் ஈடுகொடுக்கச் சொன்ன நிர்வாகத்தையே.

இனி, யந்திரக் கையின் யோக்கியதையைச் சற்று ஆராய்வோம். ஒரே மாதிரியான உருப்படி ஆயிரக்கணக்கில் வரும்போது அதற்கு நிகரில்லை. சொல்லிக் கொடுத்த பாதையில் முதல் உருப்படிக்கும் கடைசி உருப்படிக்கும் பேதமின்றிச் செல்லும். ஆனால் தகடுகளிடையே இடைவெளி சற்று அகன்றிருந்தால், அனுபவமுள்ள வெல்டர் கண்ணால் கண்டு கையின் வேகத்தை மாற்றிக் கொள்கிறான். அதற்கென்று உணர்கருவி பொருத்தப்படாத ரோபோட்டோ, இடைவெளி இருப்பதே தெரியாமல் தன் பாதையில் போய்விடும். ஆகவே, உருப்படிகளை அளவு பிசகாமல் பிடித்து நிறுத்தும் ஜிக் வேண்டும்; ஒவ்வொரு புது வேலைக்கும் புதிதாகப் பாதை கற்பிக்க வேண்டும். மின்னோட்டம் எவ்வளவு, கம்பி எந்தச் சாய்வில், எந்த வேகத்தில் என்று கற்பிப்பவன் யார்? வெல்டிங் தெரிந்தவனே. வெல்டரை வெளியே அனுப்பிவிட்டு ரோபோட்டை வாங்கும் முதலாளி, குருவைத் துரத்திவிட்டுச் சீடனை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்த முயல்கிறார்.

சட்டம் இவ்விஷயத்தில் முற்றிலும் மௌனமாக இல்லை. ஆட்குறைப்புக்கு இடந்தரக்கூடிய யந்திர மாறுதல்களைச் செய்வதற்கு முன் தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டுமென்று 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் விதி ஏற்பட்டது. 2020-ல் இயற்றப்பட்ட தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அவ்விதி இடம் பெற்றிருக்கிறது. ஆனால் அறிவிப்பு வேறு, சம்மதம் வேறு. விளம்பரப் பலகையில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு 21 நாளை எண்ணிக் கழிப்பது, கலந்து பேசுவதாகாது. அந்த நாட்களைத் தொழிற்சங்கங்கள் உறங்கிக் கழிப்பதும் மன்னிக்கத்தக்கதன்று.

எனவே நாம் வற்புறுத்துவது இவை. ரோபோட் வரும் பட்டறையில் அதை இயக்கவும் அதற்குக் கற்பிக்கவும் முதல் உரிமை அங்குள்ள வெல்டர்களுக்கே இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்துக்குக் கூலி குறையக்கூடாது. வேலையின் வேகத்தைச் சங்கத்தோடு பேசி எழுத்தில் நிர்ணயிக்க வேண்டும். கையால் செய்யும் வேலை எஞ்சியிருக்கும் இடங்களில் புகையை உறிஞ்சும் சாதனங்களை உடனே அமைக்க வேண்டும். ரோபோட் வாங்கப் பணமுள்ளவர்களுக்கு அதற்குப் பணமில்லை என்பது செல்லாது. சிறு பட்டறைக்காரர்களுக்குச் சர்க்கார் துணை நிற்க வேண்டும். திருச்சியில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊர்தோறும் தொழிற் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. இவை வெல்டர்களின் மகன்களுக்கு மட்டுமன்றி வெல்டர்களுக்கே கதவைத் திறக்கட்டும்.

இருபது வருஷம் சுடரின் முன் நின்றவனுக்குப் புகையிலிருந்து விடுதலை வேண்டும், பிழைப்பிலிருந்து அல்ல. யந்திரக் கை யாருக்கு வேலை செய்யப் போகிறது என்பது, அது பட்டறையில் இறங்கும் நாளுக்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம். சங்கங்கள் இன்றே பேச்சைத் தொடங்கட்டும்.