இலவசப் பயிற்சி சரி, எத்தனை ராடு தருவீர்கள்?

ஒவ்வொரு மே, ஜூன் மாதமும் என் வாட்ஸ்அப்புக்குப் பல ஊர்களிலிருந்து ஒரே கேள்வி வரும். "அக்கா, தம்பிய வெல்டிங்ல சேர்க்கலாம்னு இருக்கோம். ஐடிஐ-ன்னா ஒரு வருஷமாம். பக்கத்து டவுன்ல ஒரு சென்டர்ல ரெண்டே மாசத்துல சர்ட்டிபிகேட் தர்றாங்க, சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் ஃப்ரீ. திருச்சியில ஒரு இன்ஸ்டிட்யூட்ல காசு கட்டினா வெளிநாட்டுக்கே அனுப்புறாங்களாம். எதுல சேர்க்கலாம்?"

சில ஆண்டுகளுக்கு முன்புவரை என்னிடம் ஒரு தயார் பதில் இருந்தது. "எது இலவசமோ, எது சீக்கிரம் முடியுமோ அதில் சேர்த்துவிடுங்கள். வீட்டுக்கு ஒரு வருமானம் வரும்." அந்தப் பதில் தவறு. அதைச் சொன்னதற்காக நான் இன்றும் ஒரு தம்பியின் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சப்படுகிறேன்.

பெரம்பலூர் மாவட்டத்தில் நான் வேலை செய்யும் ஒரு காலனியில், ஒரே தெருவில் இரண்டு பையன்கள். ஒருவனை இரண்டு மாத இலவசப் பயிற்சியில் நான்தான் சேர்த்துவிட்டேன். பையும் டி-ஷர்ட்டும் கொடுத்தார்கள். முதல் நாளும் கடைசி நாளும் பேனர் கட்டிப் போட்டோ எடுத்தார்கள். நடுவில் என்ன நடந்தது என்று அவனைக் கேட்டேன். "ஆறு பேருக்கு ஒரு மெஷின்க்கா. மத்தியானம் கம்ப்யூட்டர், இங்கிலீஷ் கிளாஸ். ஒரு நாளைக்கு ரெண்டு ராடு, மூணு ராடு கிடைக்கும். கிடைக்காத நாளும் உண்டு."

துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனிக்கு டெஸ்டுக்குப் போனான். தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, "3ஜி போடு" என்றார்கள். அவன் அதுவரை மேசை மேல் படுக்கவைத்த தகட்டில் மட்டுமே பற்றவைத்திருந்தான். உருகிய உலோகம் வழிந்து கீழே விழுந்தது. "சரி, ஹெல்பரா இரு, பார்த்துக்கலாம்" என்றார்கள். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இன்னமும் கிரைண்டிங் பிடிக்கிறான், ஸ்லாக் தட்டுகிறான், ஸ்டிரக்சர் தூக்குகிறான். பயிற்சி மையத்தின் பட்டியலில் மட்டும் அவன் 'வெல்டர், பணியமர்த்தப்பட்டார்.'

இன்னொருவன் அரசு ஐடிஐ-யில் சேர்ந்தான். அங்கேயும் ஒன்றும் பாலாறு ஓடவில்லை. சில மாதங்கள் ஆசிரியர் இல்லை. ராடு தீர்ந்துபோய்ப் பழைய துண்டுகளைப் பொறுக்கிப் பழகிய நாட்களும் உண்டு. அப்பா கூலிக்குக் கூப்பிட்டதால் இரண்டு முறை நின்றுவிடப் பார்த்தான். ஆனால் ஒரு வருடம் முழுக்கப் பட்டறையில் நின்றான். பிறகு அப்ரண்டிஸ் முடித்தான். இன்று குழாய் பற்றவைக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே சாதிச் சான்றிதழ். என் ஒரு வார்த்தைதான் வேறுபாடு.

அதனால் இந்த ஒப்பீட்டைச் சரியாகச் செய்வோம் தோழர்களே. கட்டணம், காலம், விளம்பரம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஓர் அளவுகோலை வைப்போம். ஒரு பயிற்சியாளர் தன் கையால் எத்தனை ராடு எரிக்கிறார்? எந்த நிலையில் எரிக்கிறார்?

வெல்டிங் மணிக்கட்டில் இருக்கும் தொழில். கிடைத்தளத்தில் போடுவது 1ஜி. பக்கவாட்டில் 2ஜி. செங்குத்தாக 3ஜி. தலைக்கு மேல் 4ஜி. நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றிப் போடுவது 6ஜி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நூற்றுக்கணக்கான ராடு எரிய வேண்டும். புத்தகத்தில் படித்து, வீடியோ பார்த்து அது வராது. அதோடு, பாய்லரோ பிரஷர் வெசலோ செய்யும் கம்பெனிகள் பின்பற்றும் அமெரிக்க ஏஎஸ்எம்இ விதிகளின்படி, வெல்டரின் தகுதியை உற்பத்தி செய்யும் நிறுவனமே சோதித்து உறுதிசெய்ய வேண்டும். தகட்டை வளைத்துப் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். நீங்கள் கொண்டுபோகும் சான்றிதழ் அந்த எக்ஸ்ரேயில் தெரியாது. அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: தகுதி பெற்ற வெல்டரே ஆறு மாதம் அந்த முறையில் பற்றவைக்காமல் இருந்தால் அவருடைய தகுதி காலாவதி ஆகிவிடும். தேர்ந்த கைக்கே ஆறு மாதம்தான் கெடு என்றால், இரண்டு மாதம் அரைகுறையாகப் பழகி மூன்று ஆண்டு கிரைண்டர் பிடித்தவனின் கையில் என்ன மிஞ்சும்?

இப்போது தமிழ்நாட்டில் இருக்கும் பாதைகளைப் பார்ப்போம்.

முதலாவது, அரசு ஐடிஐ. வெல்டர் பிரிவு ஓராண்டு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பாடத்திட்டப்படி 1,200 மணி நேரம், அதில் 840 மணி நேரம் பட்டறைப் பயிற்சி. பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, சைக்கிள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி. முடித்தால் தேசிய தொழிற்சான்றிதழ். அதன்மேல் அப்ரண்டிஸ் முடித்தால் இன்னொரு தேசியச் சான்றிதழ். பெல் நிறுவனம் 2025இல் ஆர்ட்டிசான் பணிக்கு ஆள் எடுத்தபோது பத்தாம் வகுப்போடு இந்த இரண்டு சான்றிதழ்களையும் கேட்டது. இரண்டு மாதச் சான்றிதழுக்கு அந்த வாசலில் இடமில்லை.

இரண்டாவது, ஒன்றிய, மாநிலத் திறன் மேம்பாட்டுத் திட்டங்களின் குறுகிய காலப் பயிற்சிகள். சில நூறு மணி நேரம்தான். நடத்துவது பெரும்பாலும் 'பயிற்சிப் பங்குதாரர்' என்ற பெயரில் வரும் தனியார். அவர்களுக்குப் பணம் தலைக்கு இவ்வளவு என்று தவணையாக வருகிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்பதே கணக்கு. ராடு எத்தனை என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. பணம் தலைக்கு வரும்போது ராடு என்பது மிச்சம் பிடிக்க வேண்டிய செலவு. யாரும் கெட்டவராக இருக்கத் தேவையே இல்லை, அந்தக் கணக்கே ராடைத் தின்றுவிடும்.

மூன்றாவது, கட்டணம் வாங்கும் தனியார் இன்ஸ்டிட்யூட்கள். இவற்றில் நல்லவை உண்டு. அடிப்படை தெரிந்த ஒருவருக்கு டிக், 6ஜி என்று குறிவைத்துப் பழக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஹோல்டரையே பிடிக்காத பையனிடம் "ஒரு மாதத்தில் கல்ஃப்" என்று சொல்லி வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கறப்பவர்களும் அதே தெருவில்தான் போர்டு வைத்திருக்கிறார்கள்.

நான்காவது, பலருக்குத் தெரியாதது. திருச்சி பெல் வளாகத்தில் 1975இல் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம். வெல்டர் முதல் ஆய்வாளர், பொறியாளர் வரை பயிற்சி தரும் இடம். நம் சேரிகளிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் எனக்குத் தெரிந்து எங்கள் பகுதிக் காலனிகளிலிருந்து ஒருவர்கூட அங்கே போனதில்லை. அப்படி ஓர் இடம் இருப்பதை யாரும் சொன்னதும் இல்லை.

இனி இதில் சாதி எங்கே வருகிறது என்று பார்ப்போம். "வெல்டிங்ல என்ன மேடம் சாதி? கை நல்லா இருந்தா யாரு வேணும்னாலும் வரலாம்" என்று ஒரு பட்டறை முதலாளி என்னிடம் சொன்னார். அவர் பட்டறையில் ஹோல்டர் பிடிப்பவர்கள் மூன்று பேர். ஒருவர் அவர் தம்பி, ஒருவர் மச்சான், மற்றவர் சொந்த ஊர்க்காரர். மூன்று பேருமே எந்தப் பயிற்சி மையத்திலும் படிக்கவில்லை. பதினைந்து வயதில் அந்தப் பட்டறைக்கு வந்து, முதலாளியின் ராடை வீணாக்கி, முதலாளியின் தகட்டைப் பாழாக்கித் தொழில் கற்றுக்கொண்டார்கள். வீணாக்கினாலும் அடுத்த ராடு கொடுத்தார்கள், ஏனென்றால் அவர்கள் சொந்தம். நம் பையன் அங்கே போனால் கூட்டுவான், தூக்குவான், டீ வாங்கிவருவான். தவறு செய்ய அவனுக்கு அங்கே அனுமதி கிடையாது. தவறு செய்ய முடியாதவன் எப்படித் தொழில் கற்பான்?

இதுதான் மையமான விஷயம். மாமா பட்டறை வைத்திருப்பவனுக்குப் பயிற்சி மையம் வெறும் சான்றிதழ். நமக்கோ அதுதான் மாமாவின் பட்டறை. நமக்கு வேறு பட்டறை இல்லை. ஆகவே ராடு குறைந்த பயிற்சி மையம் எல்லோரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. பட்டறை உள்ளவன் அந்தக் குறையை வீட்டில் நிரப்பிக்கொள்வான். நாம் அந்தக் குறையோடு வாழ்நாள் முழுக்க ஹெல்பராக நிற்போம்.

அண்ணல் அம்பேத்கர் சாதியைத் தொழிலாளர்களையே படிநிலையாகப் பிரிப்பது என்று விளக்கியது 1936இல். அதை அவர் எழுத்தோடு விடவில்லை. 1942இல் வைஸ்ராயிடம் அளித்த மனுவில், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்களை அப்ரண்டிஸ்களாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். உண்மையான இயந்திரம் ஓடும் பணிமனையில் இடம் கேட்டார், போட்டோ எடுக்கும் வகுப்பறையில் அல்ல. இன்று அப்ரண்டிஸ் சட்டத்திலேயே பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு இருக்கிறது. எத்தனை கம்பெனிகளில் அது நிரப்பப்படுகிறது என்று நம்மில் யார் கேட்டோம்?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். தமிழ்நாட்டில் ஓராண்டு ஐடிஐ சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். 2014இல் தொடங்கிய ஒன்றிய அரசின் தீன்தயாள் கிராமின் கௌசல்யா என்ற குறுகிய காலத் திட்டத்தில் நிதியில் பாதி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு என்று விதி. பெரிய மனதுதான். ஆனால் நீளமான படிப்பில் 18, குட்டையான படிப்பில் 50 என்றால் நம்மை எந்த வரிசையில் நிற்கவைக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டாமா? தாட்கோ நடத்தும் பயிற்சிகளுக்கும் இதே கேள்வியை வைக்கிறேன். நமக்கென்று ஒதுக்கிய பணத்தில் நமக்குத் தர வேண்டியது நம் மாநிலத்தின் மிகச் சிறந்த பட்டறையில் ஓராண்டு. மிகக் குறுகிய வகுப்பு அல்ல.

இரண்டு எதிர்வாதங்கள் வரும். முதலாவது, "ஒரு வருஷம் வருமானம் இல்லாம எப்படி இருக்கிறது?" இது நியாயமான கேள்வி. அந்த அப்பாவின் கோபத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் படிப்பைக் குறைப்பது இல்லை, உதவித்தொகையை உயர்த்துவது. மாதம் 750 ரூபாய் ஒரு நாள் கொத்தனார் கூலிக்கே ஈடாகாது. 71 அரசு ஐடிஐ-களை டாடா டெக்னாலஜிஸ் உடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. வரவேற்கிறேன். ரோபோ வாங்க முடிந்த அரசால், அந்த ரோபோவுக்குப் பக்கத்தில் நிற்கும் பையனின் பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் ராடுக்கும் பணம் ஒதுக்க முடியும்.

இரண்டாவது எதிர்வாதம் நம் தோழர்களிடமிருந்தே வரும். "நம்ம பிள்ளைங்க ஐஏஎஸ் ஆகணும், டாக்டர் ஆகணும். மறுபடியும் நெருப்புலயும் புகையிலயுமா?" ஆகட்டும், எல்லோரும் ஆகட்டும். ஆனால் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பையனுக்கு இன்று காலை நாம் என்ன சொல்கிறோம்? அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லாத இயக்கம் அவனுடைய இயக்கமாக இருக்க முடியாது. புகை பற்றிய கவலை உண்மையானது. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் ஹெல்பரும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறான், பாதிச் சம்பளத்துக்கு, முகமூடி இல்லாமல். புகைபோக்கியும் மாஸ்க்கும் கேட்கும் தைரியம், எளிதில் மாற்றிவிட முடியாத கை வைத்திருப்பவனுக்குத்தான் வரும்.

சரி, என்ன செய்யலாம்?

சேர்வதற்கு முன் அந்த மையத்துக்கு நேரில் போங்கள். போர்டைப் பார்க்காதீர்கள், பட்டறையின் மூலையில் கிடக்கும் ராடு அடிக்கட்டைகளையும் பழைய தகடுகளையும் பாருங்கள். எத்தனை பேருக்கு ஒரு மெஷின் என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ராடு, 3ஜி, 4ஜி பழக்குவார்களா, வளைத்துச் சோதிப்பார்களா என்று கேளுங்கள். போன வருடம் முடித்தவர்களில் இரண்டு பேரின் போன் நம்பர் வாங்கி, ஹோல்டர் பிடிக்கிறார்களா கிரைண்டர் பிடிக்கிறார்களா என்று விசாரியுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

கல்லூரியில் படிக்கும் தோழர்களுக்குத் தனியாக ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 உங்கள் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்தான் செலவு. உங்கள் மாவட்டத்தின் ஒவ்வோர் அரசு ஐடிஐ-க்கும், குறுகிய காலப் பயிற்சிக்குப் பணம் தரும் ஒவ்வோர் அரசு நிறுவனத்துக்கும் மூன்று கேள்விகள் அனுப்புங்கள். கடந்த ஆண்டு வெல்டிங் பிரிவில் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? அந்தப் பிரிவுக்கு எத்தனை கிலோ ராடு வாங்கப்பட்டது? முடித்தவர்கள் என்ன பணிப்பெயரில், என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள்? கிலோவைத் தலையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரிடம் போவோம்.

அந்தத் தம்பியைப் போன மாதம் பார்த்தேன். இப்போது மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி இல்லாதபோது, மிச்சம் கிடக்கும் அரை ராடுகளைப் பொறுக்கிச் செங்குத்துத் தகட்டில் பழகுகிறானாம். "இன்னும் கொஞ்சம் ராடு கிடைச்சா பிடிச்சிடுவேன்க்கா" என்றான்.

அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ராடு எங்கே போனது என்று கேட்பதுதான் இனி நம் வேலை.