எழுதி வைத்தால் பயமில்லை



என் சாச்சியின் மகள் கணவரோடும் பிள்ளைகளோடும் இங்கிலாந்தில் வசிக்கிறாள். வீட்டிலிருந்தபடியே அபாயா தைத்து விற்கிறாள். அண்மையில் அழாத குறையாகத் தொலைபேசியில் பேசினாள்.

"ராத்தா, வருடம் முழுவதும் தைத்தும் நாலாயிரம் பவுண்தான் வந்தது. அதற்கு வரியே இல்லையாம். ஆனால் நூறு பவுண் தண்டம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது!"

விசாரித்தபோது விஷயம் விளங்கியது. முதல் வருடம் முறையாகப் பதிந்து கணக்கும் காட்டியிருக்கிறாள். மறுவருடம், "வரிதான் இல்லையே" என்று படிவத்தை அனுப்பாமல் விட்டுவிட்டாள்.

சகோதரிகளே, வரி இல்லை என்பது வேறு, கணக்குக் காட்டத் தேவையில்லை என்பது வேறு. அங்கே பொதுவாக 12,570 பவுண் வரையான ஆண்டு வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் சுயதொழிலில், செலவைக் கழிக்கு முன், 1,000 பவுணுக்கு மேல் கைக்கு வந்தாலே பதிந்து கணக்குக் காட்ட வேண்டும்.

அவர்களது வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடியும். புதிதாகத் தொழில் தொடங்கியவர் அதையடுத்து வரும் ஒக்டோபர் 5க்கு முன் பதிய வேண்டும். இணையம் வழியாகப் படிவம் அனுப்பவும் வரி கட்டவும் ஜனவரி 31 கடைசி நாள். படிவம் ஒரு நாள் பிந்தினாலும் 100 பவுண் தண்டம். மூன்று மாதம் கடந்தால் நாளுக்கு 10 பவுண் வீதம் 90 நாள் வரை ஏறும்.

துணி, நூல், தபால் செலவுகளைக் கழிக்கலாம். அல்லது செலவுக் கணக்குக்குப் பதிலாக ஒரே தொகையாக 1,000 பவுணைக் கழிக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கழிக்க முடியாது.

"பற்றுச்சீட்டுகள் எங்கே?" என்றேன்.

"சிலது கைப்பையில், சிலது குப்பையில்" என்றாள்.

அந்தக் கடைசி நாளிலிருந்து ஐந்து வருடமாவது அவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒரு கொப்பி போதும்: ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆவது வசனம்தான் அல்குர்ஆனில் மிக நீளமானது. எழுத்தின் அருமை நமக்குப் புதிதல்ல.

இன்னொன்று: அரசாங்கத்துக்குக் கட்டும் வரி ஸகாத் ஆகிவிடாது. அந்தக் கணக்கு வேறு.

தங்கை தண்டத்தைக் கட்டிப் படிவத்தையும் அனுப்பிவிட்டாள். நூறு பவுண் என்பது அவள் கண்விழித்துத் தைத்த எத்தனை இரவுகளின் கூலி! வெளிநாட்டில் உழைக்கும் உங்கள் மகளிடமும் சகோதரியிடமும் இன்றே கேளுங்கள்: "கொப்பி வைத்திருக்கிறாயா?"

நம் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.