மன்னிப்பு வேண்டாம், ஒரு சீட்டு போதும்

விமான நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று நடனக் கலைஞர் சுதா சந்திரன் 2021 அக்டோபரில் காணொளி ஒன்றை வெளியிட்டார். பிரதமரைப் பெயர் சொல்லி அழைத்து முறையிட்டிருந்தார். உடனே விமான நிலையச் சோதனையை நடத்தும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. 1981-ல் திருச்சி பக்கம் நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு மறுபடி மேடையேறியவர் அவர். தன் வாழ்க்கைக் கதையில் தானே கதாநாயகியாக நடித்தவர். அவரைத் தெரியாதவர்கள் குறைவு.

என்னை யாருக்கும் தெரியாது. அதே திருச்சியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். இடது முழங்காலுக்குக் கீழே எனக்கும் செயற்கைக் கால்தான்.

அதைக் கழற்றுவதை ஏதோ ஷூவைக் கழற்றுவதுபோலப் பலரும் நினைக்கிறார்கள். ஒரு விமான நிலையத்தில் என்னைத் திரை போட்ட மூலைக்குள் உட்காரவைத்தார்கள். சுடிதாரை முட்டிக்கு மேலே சுருட்டி, பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலை உருவிக் கொடுத்தேன். சாம்பல் நிறத் தட்டில், யாருடைய லேப்டாப்புக்கோ பின்னால், அது எக்ஸ்ரே பெட்டிக்குள் போனது. திரை முழுசாக மூடவில்லை. வரிசையில் நின்ற ஒரு குழந்தை பார்த்துவிட்டு அம்மாவின் துப்பட்டாவை இழுத்தது. கால் திரும்பி வரும்வரை எழுந்து நிற்கக்கூட முடியாது, பிடித்துக்கொள்ள அங்கே சுவர் இல்லை. வந்த பிறகும் அவசரமாக மாட்ட முடியாது. தோல்மேல் மாட்டும் லைனர் உறையில் வியர்வை இருந்தால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் தோல் கொப்பளித்துவிடும். வெளியே கடைசி அழைப்பு என்று அறிவிக்கிறார்கள்.

என்னைச் சோதித்த பெண் கெட்டவள் இல்லை. என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். “சாரி மேடம், ரூல் மேடம்” என்றாள். எந்த ரூல் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. வேறோர் ஊரில் இதே காலைக் கழற்றாமலே, ஒரு துணித் துண்டால் மேலே துடைத்து, வெடிமருந்துத் தடயம் காட்டும் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இரண்டில் எது சரி? எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

இத்தனைக்கும் அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயல்பாட்டாளர் ஜீஜா கோஷ் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக 2021 டிசம்பரில், மாற்றுத்திறனாளிகளின் மாண்பைக் காக்க வேண்டுமானால் விமான நிலையத்தில் செயற்கை உறுப்புகளைக் கழற்றச் சொல்லக்கூடாது என்று நீதிபதிகள் கூறினார்கள். டெல்லியில் சொன்னது திரைக்குள் நிற்கும் அந்தப் பெண்ணின் காதுக்கு எப்போது போய்ச் சேரும்?

சோதனையே வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியக்காரி இல்லை. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்து முப்பது பேருக்குமேல் செத்தார்கள். எச்சரிக்கைத் தொலைபேசி அழைப்பு வந்த பிறகும் அந்தப் பெட்டிகள் அங்கேயே கிடந்தன. அடுத்த வருஷம் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் வெடித்ததில் 329 பேர். காந்தஹார் விமானக் கடத்தலுக்குப் பிறகுதான் 2000-ல் ஜெய்ப்பூரில் தொடங்கி விமான நிலையங்கள் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தன. ஆனால் கெடுபிடி வேறு, பாதுகாப்பு வேறு. ஷூவையும் பெல்ட்டையும் கழற்றவைத்த அமெரிக்காவில் ரகசியச் சோதனை நடத்தியபோது, 70 முயற்சிகளில் 67 முறை போலி ஆயுதங்களும் வெடிபொருள்களும் உள்ளே போய்விட்டன. 2015-ல் அந்தச் செய்தி கசிந்ததும் சோதனைத் துறையின் பொறுப்புத் தலைவரை இடம் மாற்றினார்கள். கசிந்துதான் தெரிந்தது என்றாலும், ஒருவர் பதில் சொல்ல வேண்டி வந்ததே!

நான் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் முதல் வகுப்பிலேயே வருவது வவுச்சர். பத்து ரூபாய்ச் செலவுக்கும் துண்டுச் சீட்டு இருக்க வேண்டும். இல்லையேல் தணிக்கையாளர் அடித்துவிடுவார். திரைக்குப் பின்னால் ஒருத்தியின் கால் கழற்றப்பட்டதற்கு எந்தச் சீட்டும் இல்லை. புகார் கொடுக்க இணையதளம் இருக்கிறது, சரி. அதில் யார்மீது, எந்தக் கவுன்ட்டர், எந்த விதி மீறப்பட்டது என்று என்னத்தை எழுதுவேன்? சோதிக்கிறவர் நெஞ்சில் பெயர்ப்பட்டை இருக்கிறது என்பார்கள். ஒற்றைக் காலோடு உட்கார்ந்திருப்பவளுக்கு அதைப் படிக்கவா தோன்றும்?

டி.கே.பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கைது செய்யும் போலீஸ்காரர் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிய வேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியின் கையெழுத்தும் கைதானவரின் கையெழுத்தும் வாங்க வேண்டும் என்றது. திருடன் என்று சந்தேகப்படுகிறவனுக்கே ஒரு தாள் உண்டு. டிக்கெட் வாங்கிப் பயணம் போகிறவளுக்கு ஏன் இல்லை?

பிரபலங்களுக்கு அது தேவைப்படுவதில்லை. சென்னை விமான நிலையத்தில் இந்தி தெரியாது என்று சொன்ன தி.மு.க. எம்.பி. கனிமொழியிடம் நீங்கள் இந்தியரா என்று கேட்டதாக 2020 ஆகஸ்ட்டில் அவர் ட்விட்டரில் எழுதியதும் விசாரணைக்கு உத்தரவு வந்தது. நல்லதுதான். மதுரையிலிருந்து மகள் வீட்டுக்குப் போகும், முட்டி மாற்று அறுவைசிகிச்சை செய்துகொண்ட பாட்டிக்கு ட்விட்டர் கிடையாது. அவரிடம் என்ன கேட்டார்கள் என்பது அவருக்கும் கேட்டவருக்கும் மட்டுமே தெரியும்.

பி.சி.ஏ.எஸ். எனப்படும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்திடம் நான் கேட்பது அதிகமில்லை. திரைக்குள் அழைத்துச் சோதிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு: நேரம், காரணம், சோதித்தவரின் எண், புகார் முகவரி. அந்த ஊர் மொழியில் இருக்கட்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனையில் நடவடிக்கை எடுத்தார்கள் என்று விமான நிலையவாரியாக வருஷம் ஒருமுறை வெளியிடட்டும். இதில் எந்த ரகசியமும் வெளியே போகாது. நேர்மையாக வேலை பார்க்கும் காவலருக்கும் அந்தச் சீட்டுதான் சாட்சி. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை; ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். அதை இந்த ஆண்டே போடுங்கள்.