கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி



சுப்ஹுத் தொழுகைக்குப் பின் மக்தபின் கதவைத் திறந்தால், வாசலின் உட்புறத்தில் விசிறி விரித்தாற்போல் கரிய தூசி படிந்திருக்கும். முந்தைய இரவு இஷாவுக்குப் பின் பெருக்கித் துடைத்துச் சாத்திய அறைதான். ஜன்னல்களும் மூடியே இருந்தன. தூசி வந்த வழி, கதவின் அடியிலிருந்த இடைவெளி. நம் சுண்டுவிரல் தாராளமாக நுழையும் அளவு அது. பிள்ளைகள் பாய் விரித்து ரிஹாலை வைக்குமுன் அந்த இடத்தை ஈரத் துணியால் ஒற்றியெடுப்பதே பல ஆண்டுகளாக நம் முதல் வேலையாக இருந்தது. துணியை அலசினால் வாளித் தண்ணீர் கறுத்துவிடும்.

மாத்தூரில் வசிப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். நமக்குக் கிழக்கே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இருக்கின்றன. அவற்றுக்கு அப்பால் திருவொற்றியூர், எண்ணூர், பிறகு கடல். நண்பகலுக்குப் பின் கடற்காற்று வீசத் தொடங்கினால் நகரின் மற்றப் பகுதியினர் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். நாமோ முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம்.

இந்த இடைவெளி எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் மரக்கதவு ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகிறது, தரையில் உரசுகிறது. உடனே ஆசாரியை அழைத்து அடிப்பக்கத்தை இழைக்கச் சொல்கிறோம். பங்குனி வெயிலில் மரம் சுருங்கும்போது, இழைத்த அளவும் சுருங்கிய அளவும் சேர்ந்து ஒரு விரல் சந்தாக நிற்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர் கதவில் ஆணி அடிக்கவும் இயலாது. சொன்னால் வீட்டுக்காரர், "எல்லார் வீட்டிலும் அப்படித்தான் பாய்" என்பார்.

தூசி சற்று வந்தால் என்ன, துடைத்துக்கொண்டால் போயிற்று என்று நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியவன் நம்மிடம் ஓதும் ஒரு சிறுவன். இழுப்பு உள்ள பிள்ளை. குளிர்மாதங்களில் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். நலம் விசாரிக்க அவன் வீட்டிற்குச் சென்றபோது, அவன் உறங்கும் இடத்தைக் காட்டினார்கள். ஒரே அறை. காற்று வரும் என்பதற்காகக் கதவை நோக்கித் தலைவைத்துத் தரையில் பாய் விரித்திருந்தார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். கட்டிலில் படுப்பவருக்குக் கதவின் சந்து இரண்டடி கீழே இருக்கிறது. பாயில் படுக்கும் பிள்ளைக்கு அது மூக்கின் உயரத்திலேயே இருக்கிறது. தெருப்புழுதியும் கொசுவும் கரப்பானும் முதலில் வந்து சேர்வது அவன் முகத்தருகில்தான். அன்று நாம் சொன்னது இரண்டே விஷயம்: பாயின் தலைமாட்டை மாற்றுங்கள், சந்தை அடையுங்கள். மருந்தைப் பற்றி மருத்துவர் சொல்லட்டும்.

இரவில் கதவுகளைச் சாத்துமாறும் பாத்திரங்களை மூடுமாறும் விளக்கை அணைக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரையே எரித்துவிடக்கூடும் என்ற காரணமும் அங்கே சொல்லப்படுகிறது. ஓர் எலி நுழையும் வழியைக்கூட அற்பமாகக் கருதாத வழிமுறை அது. நாம் இந்த ஹதீஸைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். பாடம் நடக்கும் அறையின் கதவடியில் எலி போய்வந்துகொண்டிருந்தது.

செய்முறை எளிது. கிழிந்த கைலி ஒன்று போதும். கதவின் அகலத்தை அளந்து, அதைவிட இரண்டு அங்குலம் கூடுதலான நீளமும் ஏழரை அங்குல அகலமும் உள்ள துண்டாக வெட்ட வேண்டும். நீளவாக்கில் மடித்துத் தைத்து, ஒரு முனையை மூடினால் இரண்டங்குலப் பருமனுள்ள குழாய் கிடைக்கும். மூன்றடிக் கதவுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ மணல் பிடிக்கும். ஆற்று மணல் இன்று அரிது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டு வாங்கும் எம்-சாண்டைக் கழுவி, நன்றாகக் காயவைத்தே நிரப்ப வேண்டும். இல்லையேல் அதன் மாவே தூசியாகக் கசியும். உள்ளே காடாத் துணியில் ஒரு பை, வெளியே கைலியில் ஓர் உறை என்று இரண்டாகத் தைத்தால் உறையைக் கழற்றித் துவைக்கலாம். துவைக்காத உருளை ஒரு மாதத்தில் தானே தூசிமூட்டையாகிவிடும். உள்ளிருந்து சாத்திய கதவின் அடியில் காலால் தள்ளிவிட்டால் மணலின் கனத்திலேயே அது ஒட்டி நிற்கும்.

அடிக்கடி திறந்து மூடும் கதவுக்கு வேறொரு வகை உண்டு. கடைகளில் டோர் கார்டு என்று விற்பது அதுதான். பதினேழு அங்குல அகலத் துணியின் இரு ஓரங்களிலும் இரண்டு குழாய்களைத் தைத்து, இடையிலுள்ள தட்டைப் பகுதியைக் கதவின் அடியில் செருக வேண்டும். கதவோடு சேர்ந்தே நகரும். இதற்கு மணல் ஆகாது. தையல்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணியே போதும்.

இதைக் குறித்து நம் தெருவில் ஓர் இளைஞர் கடுமையாகவே சொன்னார். ஆலைகளைத் தட்டிக் கேட்பதை விட்டுவிட்டு கைலி தைக்கச் சொல்கிறீர்களே உஸ்தாத் என்றார். அவர் சொன்னதில் பாதியை ஏற்கிறோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவி மீனவர்களின் படகையும் வலையையும் பாழாக்கியிருந்தது. இவற்றுக்கெல்லாம் மூன்று கிலோ மணல் பதிலாகாது. புகார் எழுதுவதும் கூட்டத்திற்குச் செல்வதும் நம் கடமை. அதில் நம் ஜமாஅத் பின்தங்கியே இருக்கிறது.

ஆனால் மறுபாதியை ஏற்க இயலாது. அந்த இரவு இங்கே தொலைபேசிகள் ஒலித்தபோது என்ன செய்வதென்று நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மோனியா நீரில் எளிதில் கரையும். வெளியே செல்ல வழியில்லாதபோது ஜன்னல்களை அடைத்து, கதவடியில் நன்கு நனைத்த துணியை அழுத்திவைத்தால் உள்ளே வரும் அளவு குறையும். உதவி வரும்வரை சில நிமிடங்கள் கிடைக்கும். தயாராக ஓர் உருளை இருந்தால் அதன்மேல் வாளித் தண்ணீரை ஊற்றினாலே போதும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். கண்ணுக்குப் புலப்படாத நுண்தூசி கதவைச் சுற்றியுள்ள மற்றச் சந்துகளிலும் நுழையத்தான் செய்யும்.

வீட்டுப் பெண்மணிகளிடம் வலியுறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிலிண்டர் இருக்கும் அறையின் கதவடியை ஒருபோதும் அடைக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அது வெளியேறுவதற்குரிய வழி அந்தச் சந்துதான். கசிவு தெரிந்தால் விளக்கின் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே சென்று 1906 என்ற எண்ணை அழையுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, பகூர் போடும்போதும் உருளையை எடுத்துவிடுங்கள். அடைத்த அறையில் கரி கனன்றால் மணமோ நிறமோ இல்லாத நச்சுவாயு நிறையும். மலையூர்களில் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டி உறங்கியவர்கள் விடியலில் எழாத செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

மக்தபின் கதவுக்கு மாணவர்களே தைத்தார்கள். ஒரு தையல் கோணல். ஓரத்தில் இன்னும் சிறிது மணல் உதிர்கிறது. வாசலில் தூசி விசிறி இப்போது விழுவதில்லை, மெல்லிய கோடு மட்டும் தெரிகிறது. அடுத்து, இழுப்புள்ள அந்தச் சிறுவனின் வீட்டுக்கு ஒன்று, அவன் பக்கத்து அறையில் தங்கியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஒன்று என்று பிள்ளைகள் அளவெடுத்து வந்திருக்கிறார்கள். தொழிலாளர்களின் கதவு இரண்டரை அடிதான். ஆனால் சந்து இரண்டு விரல் இருக்கிறதாம். அதற்குக் குழாயை இன்னும் பருமனாகத் தைக்க வேண்டும். பழைய கைலி இருப்பவர்கள் துவைத்துக் கொடுத்தனுப்புங்கள்.